முகமறியார்க்கு ஈதல்

உறையூர்க் கோப்பெருஞ்சோழனும், பாண்டிநாட்டுப் பிசிர் என்னும் ஊரினராகிய ஆந்தையாரும் ஒருவரை ஒருவர் கண்ணாற் காணாமலே நட்புப் பூண்டிருந்தனர் என்பது புறநானூறு பயின்றார் யாவரும் அறிந்ததே. சோழன் அரசு துறந்து வடக்கிருந்த ஞான்று, தன் பக்கத்தே ஆந்தையார்க்கும் ஓரிடம் ஒழித்து வைக்குமாறு பணித்தனன். இதுகாறும் வாராதவர் இனி வருவரோ என்று அருகிருந்த சான்றோர் ஐயுற்றனர். அவ்வையம் பொய்ப்ப, ஆந்தையார் வந்து சேர்ந்தனர். காணாத ஒருவரிடத்து மெய்யன்பு செலுத்துதல் கூடுமோ என்று வினவுவார்க்கு நம் முன்னோர் வாழ்ந்து காட்டிய விடை இது.

எனினும், அவ்விருவரும் கொடுப்போனும் கொள்வோனுமாக எதிரெதிர் நின்றவர் அல்லர். ஒத்த உணர்ச்சியால் ஒன்றுபட்டவர். ஒருவன் பொருளுடையனாய் ஒரு நாட்டிலும், மற்றொருவன் வறியனாய்ப் பிறிதொரு நாட்டிலும் இருப்ப, முன்னவன் பின்னவனை முகமறியாமலே தாங்குவதாயின், ஆண்டும் அத்தகைய அன்பு நிலைபெறுமோ? நிலைபெறுதற்கு வேண்டுவது யாது? அதனைக் கெடுப்பது யாது? இவற்றை ஆராய்தலே இக்கட்டுரையின் நோக்கம்.

இவ்வாராய்ச்சிக்கு ஒரு காரணமும் உண்டு. சில திங்களாக நம் சங்கத்து அன்பர் சிலர், சிறப்பாகக் கடல் கடந்து சென்று தொழில் புரியும் இளைஞர், எமக்கு ஒரு கருத்தைத் தெரிவித்து வருகின்றனர். சங்கத்தின் கல்வி நிதிக்குப் பொதுவாகப் பணம் அனுப்புவதினும், ஒரு மாணவனைத் தாமே தேர்ந்து, அவனுடைய படமும் கடிதமும் பெற்று, ‘இவனை யான் படிப்பிக்கின்றேன்’ என்று சொல்லத்தக்கவாறு உதவுதலே தமக்கு உவப்பாகும் என்பர் ஒரு சாரார். இனாமாகக் கொடுப்பது மானக்கேடு. ஆதலின் வட்டியில்லாக் கடனாகக் கொடுத்து வாங்குக என்பர் மற்றொரு சாரார். மேல்நாட்டு நிலையங்கள் இவ்விரு முறைகளாலும் பெரும்பயன் விளைத்திருக்கின்றன என்பது இருவரும் காட்டும் சான்று. அங்ஙனமாயின் அந்நிலையங்களின் வரலாற்றை முதலிலிருந்து நோக்கி, கொள்ளத்தக்கது இது, தள்ளத்தக்கது இது எனத் துணிதல் அன்றோ முறை?

டப்ளின் நகரத்துச் சிறுகடன்

‘கலிவரின் பயணங்கள்’ என்னும் நூலை 1726ஆம் ஆண்டில் வெளியிட்ட ஜோனதன் ஸ்விப்ட் என்பாரை ஆங்கிலம் பயின்ற நம் பிள்ளைகள் அறிவர். அவர் 1713 முதல் அயர்லாந்து நாட்டு டப்ளின் நகரில் செயிண்ட் பாட்ரிக் தேவாலயத்தின் தலைமைக் குருவாகவும் விளங்கினார். அத்தேவாலயத்தைச் சூழ்ந்த தெருக்களில் நெசவாளர் முதலிய கைத்தொழிலாளர் பலர் வறுமையுற்று வாழ்ந்தனர். ஸ்விப்ட் தாம் முதன்முதலாகச் சேர்த்த ஐந்நூறு பவுனைத் தனியே ஒதுக்கி, அவர்கட்குச் சிறு சிறு தொகைகளாகக் கடன் கொடுத்தனர் என அவர் வரலாறு எழுதினோர் கூறுவர். வட்டி இல்லை, ஈடாக வைக்க நிலமோ நகையோ வேண்டுவதில்லை. கடன் கொள்வானை நன்கறிந்த அயலார் பிணை நிற்றல் வேண்டும். வாரந்தோறும் சில ஷில்லிங்காகத் திருப்பித் தருதல் வேண்டும். திரும்பி வந்த பணம் அடுத்தவன் கைக்குச் செல்லும்.

இம்முறையின் நுட்பம் பிணையிலே அமைந்துள்ளது. சோம்பேறிக்கும் குடிகாரனுக்கும் அவன் அண்டை வீட்டான் பிணை நில்லான். ஆகவே, கடன் கொள்வான் தகுதியுடையனோ அல்லனோ என்னும் ஆராய்ச்சியைக் குருவானவர் தாமே செய்ய வேண்டுவதில்லை. தெருவே அதனைச் செய்து முடித்துவிடும்.

ஆயினும், இங்கேயே ஓர் இடர்ப்பாடும் தோன்றிற்று. தவணை நாள் தவறாமை வேண்டும் என்பதில் ஸ்விப்ட் மிகக் கடுமையுடையவர் என்றும், நாள் தவறினோர் மீது வழக்குத் தொடுப்பித்தனர் என்றும், அதனால் ஊரார் பழித்தனர் என்றும் டாக்டர் ஜான்சன் தாம் இயற்றிய ஆங்கிலப் புலவர் வரலாற்றில் எழுதுகின்றனர். அறமென்று தொடங்கியது நீதிமன்றத்து வாயிலில் போய் நின்றது. கடன் என்னும் சொல்லுக்குள் அன்பும் அச்சமும் ஒருங்கே குடியிருத்தலை இம்முதற் கதையே காட்டிவிடுகின்றது.

ஸ்விப்ட் விதைத்த வித்து அவர்க்குப் பின் மரமாயிற்று. அயர்லாந்தில் ஊர்தோறும் கடன் நிதிகள் தோன்றின. 1823இல் அவை வட்டி வாங்கலாம் எனச் சட்டம் இடம் தந்தது. 1836இல் அவற்றை மேற்பார்க்க ஒரு வாரியம் அமைந்தது. பத்துப் பவுனுக்கு மேற்படாத கடன், இருபது வாரத் தவணை என்பது பெருவழக்கு. 1840ஐ ஒட்டிய ஆண்டுகளில் இத்தகைய நிதிகள் ஏறத்தாழ முந்நூறு இருந்தன. அந்நாட்டுக் குடும்பங்களில் ஐந்தில் ஒன்று அவற்றிலிருந்து கடன் பெற்றது என்று ஆராய்ந்தோர் கணக்கிடுவர். பின்னர் 1845இல் உருளைக்கிழங்குப் பயிர் நோயுற்று, பெரும்பஞ்சம் புகுந்தது. உண்ண ஒன்றும் இல்லாதவனுக்குக் கடன் மருந்தாகாது. பல நிதிகள் மூடப்பட்டன.

ரைபைசனும் சென்னை மாகாணமும்

அயர்லாந்தைப் பஞ்சம் வாட்டிய அதே காலத்தில், 1846-47ஆம் ஆண்டுப் பனிக்காலத்தில், ஜெர்மனியிலும் பஞ்சம் தோன்றிற்று. வையர்புஷ் என்னும் ஊரின் தலைவராயிருந்த பிரெடரிக் வில்ஹெல்ம் ரைபைசன், செல்வரிடம் பணம் திரட்டி மாவு வாங்கி ரொட்டி சுட்டு எளியோர்க்கு வழங்கினார். அடுத்து, வட்டிக்காரரிடம் அகப்பட்ட உழவரை மீட்கச் செல்வரைக் கொண்டே உதவிச் சங்கங்கள் அமைத்தார். ஆண்டுகள் செல்லச் செல்லச் செல்வரின் ஊக்கம் தணிந்தது. அப்பொழுது அவர் உணர்ந்த உண்மை, பிறர் இரக்கத்தையே தூணாக நட்ட கட்டடம் நெடுநாள் நில்லாது என்பது. 1864இல் ஹெட்டஸ்டார்ப் என்னுமிடத்தில் கடன் கொள்வோரே உறுப்பினராய், ஒருவர் கடனுக்கு அனைவரும் பிணையாய் நிற்கும் சங்கத்தை நிறுவினார். ஓர் ஊரளவே அதன் எல்லை. ஒருவரை ஒருவர் அறியாதார்க்கு அதில் இடமில்லை.

இச்செய்தி நம் நாட்டுக்கும் வந்தது. சென்னை மாகாணத்து அதிகாரியாகிய பிரெடரிக் நிக்கல்சன் ஐரோப்பியச் சங்கங்களையும், மயிலாப்பூரில் 1872இல் தோன்றிய நிதி போன்ற நம்மவர் முயற்சிகளையும் ஆராய்ந்து, 1895இல் விரிவானதோர் அறிக்கை வெளியிட்டார். ஊர்தோறும் ஒரு ரைபைசனைத் தேடிக் கண்டால் அல்லது இது கைகூடாது என்பதே அவ்வறிக்கையின் பிழிவு. 1904இல் ஐக்கிய நாணயச் சங்கச் சட்டம் பிறந்தது. அவ்வாண்டிலேயே செங்கற்பட்டு ஜில்லாவைச் சார்ந்திருந்த திரூரில் சங்கம் ஒன்று தொடங்கப்பெற்றது. நம் பாட்டன்மார் ‘நாணயச் சங்கம்’ என்று சொல்லிய அச்சொல்லில் நாணயம் என்பது காசையும் குறிக்கும், சொல் தவறாமையையும் குறிக்கும் என்பதை நோக்குக.

இதுகாறும் கூறியவை யாவும் ஓர் ஊரார் தம் ஊரார்க்குச் செய்த உதவி. கடல் கடந்த ஒருவர்க்கு ஒருவர் துணை நிற்கும் முறை வேறொரு வழியால் வந்தது. இனி அதனைக் காண்போம்.

ஒரு குழந்தையின் படம்

முதல் உலகப்போர் 1918இல் ஓய்ந்த பின்னரும், தோல்வியுற்ற ஆஸ்திரியா முதலிய நாடுகளுக்கு உணவு செல்லாதவாறு நேச நாட்டார் கடலை அடைத்திருந்தனர். வியன்னா நகரத்துக் குழந்தைகள் எலும்புந் தோலுமாயினர். இங்கிலாந்தில் எக்ளண்டைன் ஜெப் என்னும் பெண்மணி, பசியால் மெலிந்த ஒரு குழந்தையின் படத்தை அச்சிட்ட துண்டுத்தாள்களை 1919இல் லண்டன் டிரபால்கர் சதுக்கத்தில் வழங்கினார். தணிக்கையாளர் இசைவு பெறாமல் வெளியிட்டதாக அவர்மீது வழக்கு வந்தது. ஐந்து பவுன் அபராதம் விதிக்கப்பட்டது. அவரைக் குற்றஞ்சாட்டிய அரசாங்க வழக்கறிஞரே அவ்வைந்து பவுனைத் தம் பையிலிருந்து எடுத்து அவர் கையிற் கொடுத்தனர் என்ப. அவ்வாண்டு மே மாதம் 19ஆம் நாள் ‘குழந்தைகளைக் காப்போம்’ எனப் பொருள்படும் பெயருடைய நிதி தொடங்கப்பெற்றது. சில ஆண்டுகளுள், ஒரு குழந்தைக்கு ஒரு புரவலர் என்னும் முறையும் அதில் இடம்பெற்றது.

இங்கு நாம் உளங்கொள வேண்டுவன இரண்டு. ஒன்று, அவ்வம்மையார் உதவி தேடியது பகைநாட்டுப் பிள்ளைகட்கு. போரில் மகனை இழந்த தாயரிடமே சென்று, மகனைக் கொன்றவர் நாட்டுக் குழந்தைக்குப் பால் வேண்டினார். மற்றொன்று, நூறாயிரம் குழந்தைகள் பட்டினி என்னும் எண் அசைக்காத நெஞ்சினை ஒரு குழந்தையின் படம் அசைத்தது. அன்றுமுதல் படமே இவ்வறத்தின் கருவியாயிற்று. அதன் குறையும் அக்கருவியினாலேயே நேர்ந்தது.

1937இல் ஸ்பெயின் நாட்டில் உள்நாட்டுப் போர் மூண்டிருந்தது. ஜான் லாங்டன் டேவீஸ் என்னும் ஆங்கிலப் பத்திரிகையாளர், தந்தை எழுதிய ஒரு சீட்டைக் கையில் ஏந்திய சிறுவனைக் கண்டார் என்பது அவர் நிறுவிய நிலையத்தார் வழிவழியாகக் கூறும் செய்தி. பகைவர் ஊரைக் கைப்பற்றினால் தாம் கொல்லப்படுவது உறுதி. இவனைக் காண்போர் தம்பொருட்டு இவனைக் காக்க என்பதே அச்சீட்டின் கருத்து. அவரும் எரிக் மக்கரிட்ஜ் என்பாரும் கூடி, இங்கிலாந்திலுள்ள ஒருவர் ஸ்பெயினிலுள்ள ஒரு குழந்தைக்கு வளர்ப்புப் பெற்றோராய் நின்று, மாதந்தோறும் பணமும் கடிதமும் விடுக்கும் ஏற்பாட்டைச் செய்தனர். தாய் தந்தையரைப் பிரிந்த குழந்தைக்கு, தன்னை நினைக்கும் ஒருவர் எங்கோ இருக்கின்றார் என்னும் உணர்ச்சி உணவினை ஒத்த மருந்து என அவர்கள் கருதினர். அடுத்த ஆண்டில் சீனத்து அநாதைகட்கும், 1952இல் கொரியப் போரால் பெற்றோரை இழந்தார்க்கும் அமெரிக்காவில் இத்தகைய நிலையங்கள் எழுந்தன. அம்முறையே பின்னர் ஆப்பிரிக்கா, தென் அமெரிக்கா, இந்தியா எங்கும் பரவிற்று.

புரவலர் முறையின் நிறையும் குறையும்

போர்க்காலத்து அநாதைக்கு ஏற்பட்ட முறையை, தாயும் தந்தையும் உயிரோடிருக்கும் ஏழைக் குழந்தைக்குப் பொருத்தியபொழுது சிக்கல்கள் தோன்றின. ஒரு வீட்டில் மூன்று குழந்தைகள் இருப்ப, ஒருவனுக்கு மட்டும் சட்டையும் புத்தகமும் கடல் கடந்து வருமாயின் ஏனையோர் முகத்தை எங்ஙனம் நோக்குவது? தன்னால் தர இயலாததை முகமறியா ஒருவர் தருதலைக் காணும் தந்தையின் மனம் என்ன பாடுபடும்? இவற்றை உணர்ந்த நிலையங்கள் பல, ஒரு குழந்தையின் பெயரால் வரும் பணத்தை அவ்வூர்க் கிணற்றுக்கும் பள்ளிக்கும் மருத்துவத்திற்கும் பொதுவாகச் செலவிடத் தொடங்கின. அது நன்றே. ஆயினும், கொடுப்போர் பலர் தம் பணம் தாம் தேர்ந்த குழந்தையின் கைக்கே செல்வதாக எண்ணியிருந்தனர்.

1998இல் சிகாகோ நகரத்துப் பத்திரிகை ஒன்றின் நிருபர்கள் தாமே புரவலராய்ச் சேர்ந்து, தாம் தாங்கிய குழந்தைகளைத் தேடிச் சென்று கண்டனர். சிலர் சிறிது பயனே பெற்றிருந்தனர். ஆப்பிரிக்காவில் ஒரு சிறுமி இறந்தபின்னும் அச்செய்தி தெரிவிக்கப்படாமல், அவள் பெயரால் பணம் பெறப்பட்டு வந்தது. இது வெளிப்பட்டபொழுது கொடுத்தோர் பலர் நெஞ்சு புண்பட்டது. படத்தை நம்பியவர்க்குப் படத்தின் பின்னாலிருந்த ஆள் போனது தெரியவில்லை.

குறையே கூறி நிறையை மறைத்தல் நடுவுநிலையாகாது. புருஸ் வைடிக் முதலிய பொருளாதார ஆராய்ச்சியாளர் மூவர், கொரியப் போரையொட்டித் தோன்றிய கம்பாஷன் என்னும் நிலையத்தின் பணியை இந்தியா, உகாண்டா, கென்யா, பிலிப்பைன்ஸ், குவாதமாலா, பொலிவியா ஆகிய ஆறு நாடுகளில் ஆராய்ந்து, 1913க்கு நூறாண்டு பிற்பட்ட 2013இல் தம் முடிவை வெளியிட்டனர். பதினாயிரவர்க்கு மேற்பட்டோரைப் பற்றிய செய்திகளைத் தொகுத்த அவ்வாராய்ச்சி, உதவி பெற்றுப் பெரியவரானோர் பெறாதாரினும் ஓராண்டு முதல் ஏறத்தாழ ஒன்றரை ஆண்டு வரை மிகுதியாகப் பள்ளிக் கல்வி பெற்றனர் என்றும், மாதச் சம்பள வேலை பெறும் வாய்ப்பும் அவர்கட்கு மிகுந்தது என்றும் காட்டிற்று. இது சிறு பயன் அன்று.

இப்பயன் எதனால் விளைந்தது? அம்முறையில் ஊர்த் தேவாலயத்தைச் சார்ந்த ஆசிரியர் வாரந்தோறும் அக்குழந்தைகளைக் கூட்டிப் பாடம் சொல்லி, உடல்நலம் விசாரித்து, ‘நீ இன்னவாறு ஆகலாம்’ என ஊக்கி வந்தனர். கடலுக்கு அப்பாலிருந்து வந்த பணத்தோடு, ஊரிலேயே பெயர் சொல்லி அழைப்பார் ஒருவரும் இருந்தார். அவ்வாசிரியரும் பெரும்பயனுக்கு ஒரு காரணம் என்றே யாம் கருதுகின்றோம். வெளிநாட்டுப் பணம் பெற முன்னிசைவு வேண்டும் என இந்திய அரசாங்கம் கட்டுப்படுத்தியமையால், 2017இல் அந்நிலையம் நம் நாட்டில் தன் பணியை நிறுத்தியது. ஒரு லட்சத்து நாற்பதாயிரத்திற்கு மேற்பட்ட குழந்தைகட்கு வந்துகொண்டிருந்த உதவி ஒருங்கே நின்றது. வழக்கு யார் பக்கத்ததாயினும் ஆகுக. தொலைவிலுள்ளார் கையையே பற்றி நடப்பவன், அக்கை விடுபடின் வீழ்வான் என்பது இதனாற் பெறப்படும்.

ஜோப்ரா கிராமத்து நாற்பத்திருவர்

இனிச் சிறுகடனுக்கு மீள்வோம். வங்காள தேசத்தில் 1974இல் கொடும்பஞ்சம் நேர்ந்தது. சிட்டகாங்கு பல்கலைக்கழகத்தில் பொருளாதாரம் கற்பித்துக்கொண்டிருந்த முகம்மது யூனுஸ், வகுப்பில் தாம் கூறும் பாடத்திற்கும் வாயிலில் கிடக்கும் பசித்த உடலுக்கும் தொடர்பில்லாமை கண்டு வருந்தி, அருகிலிருந்த ஜோப்ரா என்னும் கிராமத்துள் நுழைந்து ஆராயலானார். மூங்கில் முக்காலி முடையும் பெண் ஒருத்தி, மூங்கில் வாங்க ஐந்து டாக்கா கைம்முதல் இன்றி வியாபாரியிடம் கடன் வாங்கி, முடைந்த முக்காலியை அவனுக்கே அவன் சொன்ன விலைக்குக் கொடுத்து, நாள் முழுதும் உழைத்தும் அரை டாக்காவே மிச்சமாகப் பெற்றாள். அவ்வாறு கடனில் அழுந்தியவர் அவ்வூரில் 42 பேர். அவர் அனைவர்க்கும் வேண்டிய தொகை 856 டாக்கா, அமெரிக்க நாணயத்தில் ஏறத்தாழ 27 டாலர். இது 1976ஆம் ஆண்டு நிகழ்ந்தது. யூனுஸ் தம் பையிலிருந்தே அதனைக் கொடுத்தார்.

பின்னர் வங்கிக்குச் சென்று இவர்கட்குக் கடன் கொடுக்குமாறு கேட்டபொழுது, ஈடு இல்லாதவர்க்குக் கடன் இல்லை என்றனர். ‘அங்ஙனமாயின் யானே பிணை’ என்று யூனுஸ் கையொப்பமிட்டார். டப்ளின் தெருவில் அயலான் நின்ற இடத்தில் இங்கு ஒரு பேராசிரியர் நின்றனர். 1983இல் அம்முயற்சி கிராமீன் வங்கி என்னும் பெயரால் தனி வங்கியாயிற்று. ஐவர் கொண்ட குழு, ஒருவர் நாணயத்திற்கு மற்றவர் துணை, வாரந்தோறும் கூட்டம், கடன் பெறுவாரில் நூற்றுக்குத் தொண்ணூற்றுக்கு மேற்பட்டோர் பெண்டிர். 2006இல் சமாதானத்திற்குரிய நோபல் பரிசு அவ்வங்கிக்கும் யூனுஸுக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது.

2005இல் மாத்யு பிளானரி, ஜெசிகா ஜாக்லி என்னும் அமெரிக்க இளந்தம்பதியர் இச்சிறுகடனையும் மேற்கூறிய புரவலர் முறையையும் ஒன்று சேர்த்தனர். கிழக்காப்பிரிக்க மொழியில் ‘ஒற்றுமை’ எனப் பொருள்படும் ‘கிவா’ என்பது அவர்கள் நிலையத்தின் பெயர். உகாண்டா நாட்டுச் சிறுதொழிலாளர் எழுவரின் படத்தையும் வரலாற்றையும் கணிப்பொறி வழியே நண்பர்கட்குக் காட்டி, 3,500 டாலர் திரட்டிக் கடனாக அனுப்பினர். அது சில திங்களில் திரும்பி வந்தது. 25 டாலர் உடையார் எவரும், உலகின் மறுகோடியில் ஆடு வளர்ப்பார்க்கோ காய்கறி விற்பார்க்கோ கடன் கொடுக்கலாம் என்னும் நிலை இதனால் உண்டாயிற்று. கொடுப்பவர்க்கு வட்டி இல்லை; திரும்பிய பணத்தை மற்றொருவர்க்கு மீளக் கொடுக்கலாம். ஸ்விப்டின் ஐந்நூறு பவுன் சுழன்றவாறே இவ்விருபத்தைந்து டாலரும் சுழல்கின்றது.

ஆயினும் 2009இல் டேவிட் ரூட்மன் என்னும் ஆராய்ச்சியாளர் ஓர் உண்மையை எடுத்துக் காட்டினார். படத்திலுள்ளார்க்குக் கடன் பெரும்பாலும் முன்னரே கொடுக்கப்பட்டுவிட்டது. அமெரிக்கர் தேர்ந்து கொடுக்கும் பணம் அவ்வூர்க் கடன் நிலையத்தின் முதலை நிரப்பவே செல்கின்றது. தாம் தேர்ந்தமையாலேயே இவர்க்குக் கடன் கிடைத்தது என்னும் எண்ணம் மயக்கம். இதனை அவர் வெறுங்குற்றமாகக் கூறினார் அல்லர். ஆடு வாங்க வந்தவளை, முகமறியா ஒருவர் தன் படத்தைத் தேரும்வரை காத்திரு என்று நிறுத்துதல் தகாது என்றும் உடன் கூறினார். கிவாவும் தன் விளக்கத்தைத் திருத்திக்கொண்டது. மேலும், கொடுப்பவர் வட்டி வாங்காவிடினும் ஊர் நிலையங்கள் கடன் கொள்வாரிடம் வட்டி பெறுவதுண்டு. ஒரு லட்சத்தை ஒருவரிடம் தண்டுதலினும், ஆயிரமாயிரமாக நூறு வீடு ஏறித் தண்டுதற்குச் செலவு மிகுதி அன்றோ?

கடன் கயிறாதல்

கடன் சிறிதாயினும் கடனே. 2007இல் மெக்சிகோவிலும் 2010இல் நம் நாட்டிலும் சிறுகடன் நிலையங்கள் பங்குச் சந்தையில் புகுந்தன. இலாபம் நோக்கி விரையவே, ஆந்திர நாட்டில் ஒரே வீட்டில் மூன்று நான்கு நிலையங்களின் கடன் குவிந்தது. ஒருவர் கடனை அடைக்க மற்றொருவரிடம் வாங்கினர். குழுவினர் தவணை தவறினவள் வாயிலில் அமர்ந்து இழிவுபடுத்தினர். தற்கொலைச் செய்திகள் வரவே, 2010 அக்டோபரில் ஆந்திர அரசாங்கம் அவசரச் சட்டம் பிறப்பித்து அவர்களைத் தடுத்தது. பிணையாய் நின்ற அயலாரே கொடியராய் மாறினர். அயலார் அறிவு அன்போடு சேருமிடத்துத் துணை. ஆசையோடு சேருமிடத்து வேவு.

2015இல் இந்தியா, பாஸ்னியா, எத்தியோப்பியா, மெக்சிகோ, மங்கோலியா, மொராக்கோ என்னும் ஆறு நாடுகளில் நடந்த ஆராய்ச்சிகள் ஒருங்கே வெளிவந்தன. சிறுகடன் சிலர் தொழிலைப் பெருக்கியது. பலர்க்குக் காலத்தில் உதவிற்று. ஆயின், பொதுவாக நோக்குமிடத்து வறுமையையே மாற்றிவிடும் ஆற்றல் அதற்கு இல்லை என்பதே அவற்றால் துணியப்பட்டது.

நமக்குரியது

இம்முந்நூறாண்டு வரலாற்றால் யாம் துணிந்தவற்றைச் சங்கத்தார் முன் வைக்கின்றோம்.

முதலாவது, முகமறியாதார்க்கு உதவலாம். ஆயின் இடையே இருவரையும் அறிந்தார் ஒருவர் இன்றி அமையாது. பத்துப்பாட்டுள் ஐந்து, ஆற்றுப்படை என்னும் துறையின. பரிசில் பெற்று மீள்வோன், பெறாதானை வழியிற் கண்டு வள்ளலிடம் செலுத்துவதே அத்துறை. பசியும் அறிந்து, வள்ளலின் வாயிலும் அறிந்தவனே அதற்கு உரியவன். டப்ளினில் அயலானும், ரைபைசன் சங்கத்தில் உறுப்பினரும், ஜோப்ராவில் யூனுஸும் நின்ற இடம் அது. படம் அவ்விடத்தை நிரப்பாது. ஆதலின், ஊர்தோறும் நம் பிள்ளைகளை அறிந்த ஆசிரியர், பெரியோர், தாய்மார் என மூவரைச் சங்கம் அமர்த்துக.

இரண்டாவது, உழைத்து மீட்கத்தக்க தொழிலுக்குக் கடன் தகும்: தையல் இயந்திரம், தறி, கறவைப் பசு போல்வன. நோய்க்கும் பசிக்கும் இளம்பிள்ளை கல்விக்கும் ஈகையே தகும். மேற்படிப்பிற்குக் கடன் எனக் கொடுப்பின், வேலை கிடைத்தபின் அடுத்த மாணவனுக்காக நிதியில் சேர்க்க என்று சொல்லி விடுக. தவணை நாளும் வழக்கும் வேண்டா.

மூன்றாவது நன்றிக் கடிதம். இதனை எழுதுங்கால் எம் குற்றம் ஒன்றையும் கூறுதல் கடன். சில ஆண்டுகட்கு முன் எம் பள்ளி மாணவர் பதினொருவர்க்கு வெளியூர் அன்பர் சிலர் கட்டணம் செலுத்தினர். ஒவ்வொருவனும் நன்றிக் கடிதமும் படமும் அனுப்ப வேண்டும் என்றனர். தமிழாசிரியராகிய யாம் கரும்பலகையில் மாதிரிக் கடிதம் ஒன்று எழுதினோம்; பதின்மர் பார்த்து எழுதினர். ஒருவன் எழுதாமல் இருந்தான். காரணம் வினவியபொழுது, ‘ஐயா, எப்படி எழுதினால் அடுத்த வருஷமும் அனுப்புவார்கள்?’ என்றான். யாம் விடை கூறாது தலை கவிழ்ந்தோம். ஈகையை ஓர் அதிகாரமாகவும் இரவச்சத்தை வேறோர் அதிகாரமாகவும் வகுத்த திருவள்ளுவரை நாள்தோறும் அவ்வகுப்பில் பாடஞ் சொல்பவர் யாமே. இரவாதவனை இரப்போன் ஆக்கியது எம் கரும்பலகை.

செய்ந்நன்றியறிதல் பெற்றவனுக்குரிய அறம்; பெறுவித்தவன் தண்டும் வரி அன்று. அன்பர்கள் படம் கேளாதிருப்பாராக. ‘இன்ன ஊரில் இத்துணையர் படிக்கின்றனர், இவ்வளவு செலவாயிற்று’ என்னும் கணக்கை இப்பத்திரிகையில் ஆண்டுதோறும் தவறாது வெளியிடுவோம், அதனைக் கேட்பது அவர் உரிமை, கொடுப்பது நம் கடமை. உறவு வேண்டுவோர் விடுமுறையில் ஊருக்கு வந்து, பிள்ளைகளோடு அமர்ந்து, தாம் கற்றதைக் கற்பித்துச் செல்க. அப்பொழுது பிள்ளைகள் தாமாக எழுதும் கடிதம் எந்தக் கரும்பலகையிலும் இராது.

இறுதியாக ஒன்று. இச்சங்கம் நம் குலத்தார் நலத்திற்கெனத் தோன்றியது. அதனை மறுப்பேம் அல்லேம். ஆயினும், பகைநாட்டுக் குழந்தைக்காகக் குற்றவாளிக் கூண்டில் நின்ற அவ்வம்மையாரை நினைக்குந்தோறும், நம் தெருவிலேயே வேறு குலத்துப் பிள்ளை கட்டணமின்றிப் படிப்பை விடுவதை நாம் காணாதார் போலிருத்தல் தகுமோ என்னும் வினா எழுகின்றது. நிதியில் ஒரு பங்கேனும் குலம் வினவாமல் வழங்கப்படுமாயின் நம் சங்கத்தின் பெயர் குறையாது, உயரும். பொதுக்கூட்டத்தில் இதனை அன்பர்கள் ஆராய்க.

ஆந்தையார் சோழன் படத்தைக் கண்டவர் அல்லர். ஓரிடம் ஒழித்து வைக்கப்பட்டிருந்தது, வந்து அமர்ந்தார். நம் பிள்ளைகட்கும் யாரேனும் ஓரிடம் ஒழித்து வைத்திருக்கின்றார் என்னும் உறுதி ஒன்றே போதும்.